கறந்த பாலும் தாய்ப்பால்தான்

தாய்மொழியைத் தாய்ப்பாலோடு ஒப்பிட்டுப் பேசாத தமிழ் மேடை உண்டா? தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் செம்பூரிலும் முலுண்டிலும் பொங்கல் விழா என்று பந்தல் போட்டால் போதும். ஊரிலிருந்து இரண்டு இரவு ரயிலில் வந்து இறங்கிய பேச்சாளர் அந்த உவமையை எடுத்து வீசுவார். கைதட்டல் பந்தலைப் பிளக்கும். நாமும் கைதட்டியிருக்கிறோம். ஒளிப்பானேன், நாமே அதைப் பேசியும் இருக்கிறோம்.

சென்ற பொங்கல் விழாவில் அந்த உவமை வீசப்பட்ட நேரத்தில், மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து போனார். கையில் ஒரு துணிப்பை. மார்பில் பால் கட்டிக் கல்லாகி, ரவிக்கை நனைந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் ஒதுங்க இடம் தேடினார். மண்டப அறையில் தலைவர்களுக்குச் சிற்றுண்டி. கழிப்பறையோ, கால் வைக்க முடியாத நிலை. கடைசியில் பந்தலுக்குப் பின்னால், ஜெனரேட்டர் புகைக்கு நடுவில், இன்னொரு பெண் சேலையை விரித்து மறைத்துக்கொள்ள, நின்றபடியே ஒரு கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி எடுத்தார். மேடையில் அப்போதும் தாய்ப்பால்தான் ஓடிக்கொண்டிருந்தது!

இந்த இதழில் விலைவாசியும் குடியிருப்பு உரிமையும் மொழிச் சிக்கலும் எழுதி வந்த நாம், இப்போது இதையா எழுதுவது என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய இயக்கங்களின் வழிவந்தவர்கள் என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோமே, நம் வீட்டுக்குள்ளேயே கூலியில்லாமல் எட்டு மணி நேர வேலை ஒன்று நடக்கிறது. அதைக் கணக்கெடுக்கவாவது வேண்டாமா?

அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லிவிடுகிறோம். அவர் நம் சங்கத் தோழர் ஒருவரின் மருமகள். பெயர் வேண்டாம். நெல்லைப் பக்கத்துக் குடும்பம். தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் பத்துக்குப் பத்து அறை, மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு தட்டு. ஏழாம் மாதம் ஊருக்குப் போவதாக இருந்தார்; டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அதற்குள் 31ஆம் வாரத்திலேயே வலி கண்டு பிள்ளை பிறந்துவிட்டது. எடை 1 கிலோ 400 கிராம். பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குப் போயிற்று.

குறைமாதப் பிள்ளைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒரே நேரத்தில் வராது. ஏறத்தாழ 34 வாரம் நிறைந்த பிறகுதான் மூன்றும் ஒன்றோடொன்று இணங்கி வரும். அதுவரை மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ போடப்பட்ட மெல்லிய குழாயில்தான் பால் இறங்க வேண்டும். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும்விட இந்தப் பிள்ளைக்குத்தான் தாய்ப்பால் அதிகம் தேவை. குறைமாதப் பிள்ளைகளின் குடல் அழுகிப் போகும் கொடிய நோய் ஒன்று உண்டு. மாவுப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவு. இது மருத்துவர் அனைவரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆகவே பிள்ளை உறிஞ்ச முடியாவிட்டாலும் தாய் பாலை எடுத்துக் கொடுத்தாக வேண்டும்.

எப்படி எடுப்பது? முதல் நாள் வருவது சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக, சொட்டுச் சொட்டாக. அதற்குக் கைதான் சிறந்த கருவி. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு இரு விரலையும் ஒன்று சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் புண்தான் மிஞ்சும். அந்தப் பெண்ணுக்கு முதல் நாள் கிடைத்தது இரண்டு மில்லி. ஊசி போடும் சிரிஞ்சில் அதை உறிஞ்சி எடுத்துக்கொண்டு, “இது போதும்; இதுதான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து” என்று சொன்ன மராட்டிய நர்ஸை அவர் இன்றும் தாய்வீட்டு ஆள்போல் நினைத்துப் பேசுகிறார்.

இங்கே ஓர் உண்மையை ஆண் தோழர்கள் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மார்பு ஒரு குடமல்ல, நிரப்பி வைத்துத் தேவைப்படும்போது சாய்த்துக்கொள்வதற்கு. எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காமல் விட்டால், தேவையில்லை போலும் என்று உடம்பே முடிவு செய்து சுரப்பைக் குறைத்துவிடும். பிறந்த பிள்ளை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கும். பிள்ளையால் முடியாதபோது, அதே கணக்கில் குறைந்தது எட்டுத் தடவையாவது தாய் எடுத்தாக வேண்டும். இரவிலும் விடக் கூடாது. சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். இன்று ஒரு வேளை தவறினால் அது இன்றைய நட்டம் மட்டுமல்ல. நாளைய பாலும் சேர்ந்து குறையும்.

ஒரு தடவை எடுக்க அரை மணி. எட்டுத் தடவைக்கு நான்கு மணி. எடுத்ததைக் குழந்தைக்குப் புகட்ட, தடவைக்கு இருபது நிமிடமென்றாலும் இரண்டரை மணிக்கு மேல். ஏனம் கழுவ, கொதிநீரில் போட்டெடுக்க, ஆற வைக்க இன்னும் ஒன்று, ஒன்றரை மணி. கூட்டிப் பாருங்கள். எட்டு மணி நேரம் வந்துவிட்டது! சமையலும் துணியும் தண்ணீரும் இதில் சேரவில்லை. ஞாயிறு விடுமுறை இல்லை. மே தினத்துக்கும் விடுமுறை இல்லை.

38 நாள் கழித்துப் பிள்ளை வீட்டுக்கு வந்தது. வந்த பிள்ளை மார்பைப் பிடிக்கவில்லை. குழாய்க்கும் கிண்ணத்துக்கும் பழகிய வாய். மார்பில் வைத்தால் வில்லாக வளைந்து அலறும், தாயும் அழுவார். பல குழந்தைகள் பழகிவிடுகின்றன. தாயின் வெறும் மார்போடு தோல் படும்படி சேர்த்துக் கட்டி அணைத்து வைக்கும் முறையால் எவ்வளவோ பேருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. இந்தப் பிள்ளை பழகவில்லை. மூன்று வாரம் முயன்ற பிறகு அந்தப் பெண் ஒரு முடிவுக்கு வந்தார். முழுக்க முழுக்க எடுத்தே கொடுப்பது. மாவுப்பால் டப்பாவை வீட்டுக்குள் விடுவதில்லை.

இந்த முடிவுக்காகப் பாராட்டா கிடைத்தது? அத்தை சொன்னார்: “ஏ பிள்ளே, மாட்டக் கறக்க மாதிரில்லா கறக்கே! பெத்த பிள்ளைய நெஞ்சுல போடாம இது என்னத்துக்கு?” அடுத்த வீட்டு மதினி இன்னும் ஒருபடி மேலே போய், “அழகு கெட்டுப் போகும்னு பாக்காளோ என்னவோ” என்றார். மருந்துக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே டப்பாவை நீட்டினார். பிறகு பார்த்த ஒரு மருத்துவர், அவர் யார் என்பது இங்கே தேவையில்லை, “ஏனம்மா இந்தப் பாடு? பவுடர் கொடுத்துவிடு” என்று எழுதியே கொடுத்துவிட்டார். ஒரு பக்கம், மார்பில் கொடுக்காதவள் தாயே அல்ல என்ற ஏச்சு. மறு பக்கம், இந்தப் பாடு எதற்கு என்ற ஏளனம். நடு இரவு இரண்டு மணிக்கு எழுந்து, விளக்கைப் போட்டால் மற்றவர் தூக்கம் கெடுமென்று இருட்டில் உட்கார்ந்து பாலெடுத்த அந்தப் பெண்ணை “பால் கொடுக்காதவள்” என்று பேசிய நாக்குகளை என்னவென்பது?

‘கறப்பது’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாட்டுக்கு உரிய சொல்லைப் பெண்ணுக்குச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும். ‘எடுப்பது’, ‘பீய்ச்சுவது’ என்று மாற்றிச் சொல்லலாம், சொல்கிறார்கள். நமக்கென்னவோ, சொல்லை மாற்றுவதைவிட அதில் ஏறியிருக்கும் இழிவைத் துடைப்பதே முதல் வேலை என்று படுகிறது. கறப்பது ஓர் உழைப்பு. உழைப்பைச் சொல்லும் சொல் எப்போது இழிசொல்லாயிற்று? அதனால்தான் தலைப்பில் அந்தச் சொல்லையே வைத்தோம்.

இனிப் பம்புக்கு வருவோம். கையால் எடுப்பது செலவில்லாதது. ஆனால் மாதக்கணக்கில், நாளுக்கு எட்டுத் தடவை என்றால் விரல் ஓய்ந்து மணிக்கட்டு வீங்கிப் போகும். எனவே முழுதும் எடுத்தே கொடுக்கும் தாய்க்கு இயந்திரம் ஆடம்பரமன்று. மின்சாரப் பம்பு இரு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுத்துப் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் நல்ல பம்பின் விலை ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மாத வருமானத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மருந்துக்கடையில் மலிவாகத் தொங்கும் ரப்பர்க் குமிழ் பம்பை வாங்கி ஏமாற வேண்டாமென்று இங்கேயே எச்சரிக்கிறோம். அந்தக் குமிழுக்குள் பால் புகுந்தால் கழுவ வழியில்லை, கிருமி குடியிருக்கும்.

விளம்பரக்காரனோ சும்மா இருக்கவில்லை. மாவுப்பால் கம்பெனிகள் ஏழை நாடுகளில் செய்த அட்டூழியங்களுக்கு எதிராக 1977ல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. 1981ல் உலகச் சுகாதார மன்றம் விற்பனை நெறிமுறை வகுத்தது. 1992ல் இந்தியாவும் சட்டம் செய்து, 2003ல் அதை இறுக்கியது. மாவுப்பாலுக்கும் பால்புட்டிக்கும் குழந்தை உணவுக்கும் இங்கே விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் அதன் பிடி அந்த மூன்றின் மேல்தான். பம்பு அதில் இல்லை. எனவே பளபளக்கும் படத்தில் ஒரு நவநாகரிகத் தாய், ஒரு கையில் கணிப்பொறி, மறு கையில் காப்பி, மார்பில் பம்பு, முகத்தில் புன்னகை! அந்தப் படத்தில் ஏனம் கழுவுபவரைக் காணோம். கொதிநீர் அடுப்பைக் காணோம். நடு இரவு இரண்டு மணியைக் காணோம்.

நம் தாராவியில் நடப்பதைச் சொல்கிறோம். குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலையில் சில மணி நேரம். பிடித்து வைத்த டிரம் தண்ணீரில்தான் நாள் முழுக்கப் பம்புக் குப்பிகளையும் கழுவ வேண்டும். எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். தகரக் கூரைக்கடியில் மே மாத வெப்பத்தில் அதை நம்பி வைக்க முடியுமா? குளிர்ப்பெட்டியில் நான்கு நாள்வரை வைக்கலாம், அதுவும் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டுக்கு? நம் தோழரின் மருமகள், சந்து முனையில் இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மாளின் ஃபிரிட்ஜில் ஒரு மூலையை வாங்கிக்கொண்டார். மாவுப் பாத்திரங்களுக்கு நடுவே, மூடியில் தேதியும் நேரமும் எழுதிய சிறு எவர்சில்வர் டப்பாக்கள். வாடகை கேட்டதற்கு அந்த அம்மாள் கோபித்துக்கொண்டாராம். நம் மேடைப் பேச்சு முழுவதையும் ஒரு தட்டில் வைத்து, அந்த ஃபிரிட்ஜ் மூலையை மறு தட்டில் வைத்தால் எது தாழும்?

புகட்டுவதற்குப் புட்டி வேண்டாம். இதில் நம் பாட்டிமாரின் சங்கு ஜெயித்துவிட்டது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம். மூக்கு நீண்ட அந்தச் சின்னப் பாலாடையைத்தான் இன்று இந்தியா முழுவதும் குறைமாதப் பிள்ளைகளுக்கு மருத்துவர்களே கையில் எடுத்துக் கொடுக்கிறார்கள். மும்பை ஆஸ்பத்திரிகளில் ‘வாட்டி-சம்ச்சா’, கிண்ணமும் கரண்டியும். ரப்பர்க் காம்பில் ஒளியும் கிருமி இவற்றில் ஒளிய இடமில்லை. ஆனால் பழைய வழக்கப்படி சங்கைக் கழுவித் துணியில் துடைத்தால் போதாது. கொதிக்க வைக்க வேண்டும். பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் என்று பாட்டிமார் ஊற்றியதையும் சங்கோடு சேர்த்துத் திரும்ப அழைத்து வந்துவிடாதீர்கள்!

தாய்க்குப் பால் ஊறாவிட்டால்? அல்லது தாயே இல்லாவிட்டால்? இதற்கு விடை நம் தாராவியின் வாசலிலேயே இருக்கிறது. சயான் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் லோகமான்ய திலகர் நகராட்சி மருத்துவமனையில் 1989ல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. டோக்கியோவிலும் சிங்கப்பூரிலும் அல்ல, சயானில்! உபரியாகச் சுரக்கும் தாய்மார் கொடுக்கும் பாலைச் சோதித்து, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உடனே குளிர்வித்து, பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். கொடுப்பவருக்கு எய்ட்ஸ் கிருமியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் மேகநோயும் இல்லையென்று முதலில் பார்த்துக்கொள்கிறார்கள்.

அங்கே பார்க்காத ஒன்றும் உண்டு: சாதி. பல தாய்மாரின் பாலை ஒன்றாகக் கலந்துதான் சூடேற்றுகிறார்கள். அதில் கோலிப் பெண்ணின் பால் எது, நம் நெல்லைப் பெண்ணின் பால் எது, பீகார் முஸ்லிம் பெண்ணின் பால் எது என்று யார் பிரிப்பது? ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். அந்த ஊர்க்காரரின் பேரன் இங்கே கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, முகம் தெரியாத நாலு பெண்களின் பாலில் உயிர் பிழைக்கிறான். சமத்துவபுரம் என்று எதையெதையோ சொல்கிறோம். முப்பது மில்லிக் குப்பி ஒன்றுக்குள் அது இருக்கிறது.

நம் இலக்கியத்தில் செவிலித்தாய்க்குப் பெரிய இடம் உண்டு. தலைவியை வளர்த்த செவிலி அழுவதைப் பாடப் புலவர் பலர். அந்தச் செவிலி தான் பெற்ற பிள்ளைக்கு எந்நேரம் பார்த்துப் பால் கொடுத்தாள் என்று கேட்க அன்றைய புலவர்க்குத் தோன்றவில்லை. அதே கேள்வி இன்று வேறு உருவில் வருகிறது. தாய்ப்பாலைப் பதப்படுத்தி விலைக்கு விற்கக் கிளம்பியவர்களும் நாட்டில் உண்டு. 2024 மே மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மனிதப் பாலை வணிகப் பொருளாக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அறிவித்தது. அறிவிப்பை வரவேற்கிறோம். ஏழைத் தாயின் இரத்தம் விற்கப்பட்ட கதையும் சிறுநீரகம் விற்கப்பட்ட கதையும் தெரிந்தவர்கள் நாம். பால் அந்தச் சந்தைக்குப் போகக் கூடாது. தானமாக இருக்கட்டும், ஆனால் தானம் செய்யும் தாய்க்கு உட்கார ஒரு நாற்காலியும் குடிக்க ஒரு டம்ளர் கஞ்சியும் அரசு கொடுத்தால் குறைந்துவிடாது.

இப்போது சட்டம். அந்தப் பெண் பிள்ளைப்பேற்றுக்கு முன்பு மித்தி ஆற்றுக்கு அக்கரையில், பாந்த்ரா–குர்லா காம்ப்ளெக்ஸின் கண்ணாடி மாளிகை ஒன்றில் தரை துடைக்கும் வேலை பார்த்தார். நிறுவனத்தின் ஆள் அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆள். பிரசவ விடுப்பு கேட்டபோது, “வராத நாளுக்குச் சம்பளமில்லை, திரும்பி வந்தால் பார்க்கலாம்” என்றார்கள். பிள்ளைக்கு நான்கு மாதமானபோது திரும்பிப் போனார். மூன்றாவது மாடியில் அந்த நிறுவனத்தின் பெண் அதிகாரிகளுக்குத் தனி அறை இருக்கிறது. மெத்தை நாற்காலி, குளிர்ப்பெட்டி, கதவில் பூட்டு. அந்த அறையைத் தினமும் துடைப்பவர் நம் மருமகள். அவர் பாலெடுத்தது துடைப்பமும் பினாயிலும் வைக்கும் அலமாரி அறையில், தலைகீழாய்க் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து. இதற்கு மேல் நாம் விளக்க வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டமும், அதன் 2017 திருத்தமும், அவற்றை உள்ளடக்கிக்கொண்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் சேர்ந்து சொல்வது இது: பிரசவத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது குற்றம். திரும்பி வந்தபின், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம். அங்கே தாய் நாளுக்கு நான்கு முறை போய்வரலாம்.

காகிதத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இடைவேளை ‘குழந்தைக்குப் பாலூட்ட’. குழந்தை தாராவியில், தாய் அக்கரையில். பாலை எடுத்து வைக்கவும் இந்த இடைவேளை உண்டு, அதற்குச் சுத்தமான இடமும் குளிர்ப்பெட்டியும் வேலை கொடுப்பவர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் 80 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்குவதாகச் சொல்லி ஏய்ப்பதைத் தடுக்க ஆய்வாளர் வந்து பார்த்தால் என்ன? வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்கள், அப்பளம் இடும் பெண்கள், வீட்டிலிருந்தே துணி தைக்கும் பெண்கள் இந்தச் சட்டத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. அவர்களுக்கென்று 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. 2017ல் வந்த மத்தியத் திட்டமோ முதல் பிள்ளைக்கு மட்டும், 5,000 என்று சுருக்கியது. பிறகு, இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000 என்று சேர்த்தார்கள். இரண்டாவது ஆண் பிள்ளையைப் பெற்றவளுக்குப் பசிக்காதோ?

புலம்பெயர்ந்த நமக்கு இன்னொரு தொல்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது, 18,000 ரூபாய் மதிப்புள்ளது, பாராட்டுகிறோம். ஆனால் அதன் முதல் தவணைக்குக் கருவுற்ற 12 வாரத்துக்குள் கிராமச் செவிலியரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். நம் பெண்கள் அந்த நேரத்தில் தாராவியில் இருக்கிறார்கள். ஊருக்குப் போவது ஏழாம் மாதம். அங்கே போனால் “இங்கே ஏன் முன்பே பதியவில்லை?”, இங்கே வந்தால் “பிரசவம் எங்கே? அந்தச் சீட்டு எங்கே?” இரண்டு அரசாங்கமும் உண்டு, இரண்டு அரசாங்கமும் இல்லை.

2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் நூற்றுக்கு 89 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் வைக்கப்பட்ட குழந்தைகள் நூற்றுக்கு 42 பேரே. பிள்ளையைப் பெற வைக்கக் கட்டடம் கட்டினோம். பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாலைக் கொடுக்கச் சொல்லித் தரும் ஒருவரை வேலைக்கு வைக்கவில்லை. தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 அறுவைச் சிகிச்சை. மயக்கத்திலிருந்து எழுந்த தாயின் பாலை முதல் ஆறு மணி நேரத்துக்குள் கையால் எடுக்கத் தொடங்க வைத்தால் பின்னால் வரும் பாதித் துன்பம் குறையும். அதற்கு இயந்திரம் வேண்டாம், பொறுமையுள்ள ஒரு நர்ஸ் வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கை. பம்புக்கு இடம் கேட்கிறோம் என்பதால், விடுப்புக்குப் பதில் பம்பு போதுமென்று முதலாளி சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே நாடு முழுமைக்குமான சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்புச் சட்டம் இன்றுவரை இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் கொடுத்தது, சம்பளமில்லாமல். அதுவும் எல்லோருக்கும் அல்ல. ஆனால் வேலையிடத்தில் பாலெடுக்க நேரமும், கழிப்பறை அல்லாத தனி இடமும் கொடுக்க 2010ல் ஒரு சட்டம், 2022ல் அதை விரிவாக்கி இன்னொரு சட்டம்! தாயை வீட்டில் இருக்க விடவில்லை. பாலை மட்டும் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். அந்த உரிமையையும் போராடித்தான் வாங்கினார்கள், குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாம் கேட்க வேண்டிய வரிசை மாறக் கூடாது: முதலில் விடுப்பு, பிறகு காப்பகம், அதன்பின் பம்பறை. பிள்ளையைப் பெற்ற எல்லோருக்கும், ஒப்பந்தக் கூலிக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் சேர்த்து.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு மாதம். எடை ஆறே கால் கிலோ. தாய் இன்னும் நாளுக்கு ஐந்து தடவை எடுக்கிறார். கணவன் இரவு ஷிப்டு முடிந்து வந்ததும் குப்பிகளைக் கொதிக்க வைப்பது அவன் வேலை, “இதைக் கூடச் செய்யலேன்னா எப்படி அண்ணாச்சி?” என்று நம்மிடம் வெட்கத்தோடு சிரித்தான். அத்தை முழுக்க மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். பேரனுக்குச் சங்கில் புகட்டுவது அவர்தான். ஆனால் ஊரிலிருந்து உறவுக்காரர் வந்தால் இன்றும் அந்த எவர்சில்வர் டப்பாவை முந்தானையால் மூடிவிடுகிறார்.

இனி நம் வீட்டுக் கணக்கு. சென்ற மாதச் செயற்குழுவில் இதைப் பேச எடுத்தபோது, இது மகளிரணி விஷயம் என்று ஒருவர் தள்ளப் பார்த்தார். மகளிரணித் தோழியர் இருவர் எழுந்து, பந்தலுக்குப் பின்னால் அன்று சேலை விரித்து மறைத்தது தாங்கள்தாம் என்று சொன்னதும் கூடம் அமைதியாயிற்று. முடிவு: சங்கக் கட்டடத்தில் பழைய இதழ்க் கட்டுகளும் ஒலிபெருக்கியும் அடைந்து கிடக்கும் பின்னறை காலி செய்யப்படும். ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி, உள்தாழ்ப்பாள், கை கழுவும் தொட்டி. மாவு அம்மாளின் தம்பி பழைய சிறு ஃபிரிட்ஜ் ஒன்றைச் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சங்க உறுப்பினரல்லாத பெண்களும், எந்த மொழி பேசுபவராயினும், பயன்படுத்தலாம். சயான் வங்கிக்குப் பால் கொடுக்க விரும்பும் தாய்மாரை அழைத்துச் செல்லவும், ஒப்பந்தக் கூலிப் பெண்களுக்கு விடுப்பு மனு எழுதித் தரவும் ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறுவரை இரு தோழியர் அங்கே இருப்பார்கள்.

பழைய இதழ்க் கட்டுகளை எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் இடமுள்ள தோழர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அலுவலகத்தில் தெரிவிக்கவும்.